செயற்கை மழை: எது முடியும், எது முடியாது

ஏரிகள் வற்றும் கோடையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "விமானத்தில் போய் ஏதோ ரசாயனம் தூவினால் மழை பெய்யுமாமே, அரசு ஏன் செய்வதில்லை?" எங்காவது ஒரே நாளில் கொட்டித் தீர்த்து ஊர் மூழ்கினால் அதே ரசாயனத்தின் மேல் பழி விழும். "செயற்கை மழை பெய்ய வைத்தார்கள், கைமீறிப் போய்விட்டது." 2024 ஏப்ரலில் துபாய் வெள்ளத்தில் தத்தளித்தபோது வாட்ஸ்அப்பில் சுற்றியது இந்த இரண்டாவது பேச்சு. 2025 அக்டோபரில் டெல்லியின் மாசடைந்த காற்றைக் கழுவ மேகத்தில் தூவப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது கிளம்பியது முதல் வகை.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: மழை ரசாயனத்திலிருந்து வருகிறது, தூவினால் வரும், நிறையத் தூவினால் நிறைய வரும். இது எங்கே பிசகுகிறது என்று தெரிந்துகொள்ள, இந்த நுட்பம் பிறந்த 1940களின் அமெரிக்காவுக்குப் போவது நல்லது. அங்கே கண்டுபிடித்தது என்ன, கண்டுபிடித்த பிறகு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் எதற்காக மோதிக்கொண்டார்கள் என்பது விளங்கினால், இன்றைய செய்திகளை எடைபோடுவது சுலபம்.

## மேகம் இருந்தும் ஏன் பெய்வதில்லை?

முதலில் மேகம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் வெள்ளைத் திரள், ஆவி குளிர்ந்து தூசியின் மேல் படிந்து உண்டான மிகச் சிறிய நீர்த்துளிகள். ஒரு துளியின் குறுக்களவு ஏறக்குறைய 20 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.

இவ்வளவு சிறிய துளி விழத்தான் செய்கிறது. ஆனால் அதன் வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். கீழிருந்து மேலே போகும் லேசான காற்றே அதைத் தாங்கிவிடும். தப்பித் தவறி மேகத்தின் அடிப்பகுதியைத் தாண்டி வந்தாலும் வழியிலேயே ஆவியாகிவிடும். தரைக்கு வந்து சேரும் மழைத்துளியோ 2 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது மேகத்துளியைப்போல நூறு மடங்கு அகலம். கன அளவில் கணக்குப் போட்டால் பத்து லட்சம் மடங்கு.

ஆக, ஒரு மழைத்துளி பிறக்க பத்து லட்சம் மேகத்துளிகளின் தண்ணீர் ஓரிடத்தில் சேர வேண்டும். அதுவும் மேகம் கலைந்துபோவதற்குள். ஆவி மெல்ல மெல்லப் படிந்து துளி இந்த அளவுக்கு வளர வேண்டுமென்றால் மேகத்தின் ஆயுள் போதாது. தலைக்கு மேல் கறுத்துக் கிடந்த மேகம் ஒரு சொட்டு கூட விடாமல் நகர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். தண்ணீர் இருக்கிறது, ஆனால் சேரவில்லை.

சேருவதற்கு இயற்கையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் துளிகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்கின்றன. அது வெப்பமண்டல மேகங்களில் முக்கியம், பிறகு வருகிறேன். இன்னொன்று பனிப்படிகத்தின் வழி. 1946-ல் தொடங்கிய கதை முழுக்க இந்த இரண்டாவது வழியைப் பற்றியது.

## பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாத தண்ணீர்

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும் என்று பள்ளியில் படித்தோம். ஃபிரீசரில் வைக்கும் தண்ணீருக்கு அது ஏறக்குறைய சரி. மேகத்துளிக்குச் சரியில்லை. சுத்தமான, மிகச் சிறிய துளி மைனஸ் 10-இலும் மைனஸ் 20-இலும் திரவமாகவே இருக்கும். ஏறக்குறைய மைனஸ் 40 வரைகூடத் தாக்குப்பிடிக்கும். இப்படி உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் இருப்பதற்கு மீக்குளிர் நீர் என்று பெயர்.

ஏன் உறைவதில்லை? உறைவதற்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். நீர் மூலக்கூறுகள் சில பனிக்கட்டிக்குரிய வரிசையில் அடுக்கி நிற்க வேண்டும். அப்புறம் மற்றவை அதன்மேல் அடுக்கிக்கொண்டே போகும். அந்த முதல் அடுக்கு தானாக அமைவது அபூர்வம். பொருத்தமான மேற்பரப்பு கொண்ட ஒரு திடத்துகள் கிடைத்தால் சுலபம். அந்தத் துகளை உறைகரு என்று அழைக்கலாம். காற்றில் தூசிக்குப் பஞ்சமில்லை என்றாலும், உறைகருவாக வேலை செய்யும் தூசி மிகக் குறைவு. அதிலும் பெரும்பகுதி மைனஸ் 15-க்குக் கீழே போனால்தான் வேலையைத் தொடங்கும்.

கற்கண்டு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கெட்டியாகக் காய்ச்சிய பாகை நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி அசையாமல் வைப்பார்கள். பாகு தாங்கக்கூடியதைவிட அதிகமான சர்க்கரை அதில் கரைந்திருக்கிறது, ஆனால் படிகமாகத் திரள இடம் தேடிக்கொண்டிருக்கிறது. நூல் அந்த இடத்தைக் கொடுக்கிறது. நூலைச் சுற்றிப் படிகம் பிடித்து வளர்கிறது. இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். கற்கண்டில் இருக்கும் இனிப்பு நூலிலிருந்து வரவில்லை. வெறும் தண்ணீரில் எத்தனை நூல் கட்டினாலும் கற்கண்டு வராது. மூன்றாவது, நெருக்க நெருக்கமாக நூல் கட்டினால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து எல்லாமே பொடியாக நின்றுவிடும். மேகத்தில் தூவும் ரசாயனத்தின் வேலை இந்த நூலின் வேலைதான்.

## பனிப்படிகம் ஏன் ஜெயிக்கிறது?

சரி, மேகத்தில் ஒரு துளி உறைந்துவிட்டது. அதனால் மழை எப்படி வரும்? இதற்கு விடை அமெரிக்கச் சோதனைகளுக்கு முன்பே ஐரோப்பாவில் கிடைத்துவிட்டது.

பனிக்கட்டியின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் தப்பிப்பது திரவ நீரிலிருந்து தப்பிப்பதைவிடக் கடினம். எனவே ஒரே குளிர்நிலையில், நீர்த்துளிக்கு "போதும்" என்று இருக்கும் காற்று பனிப்படிகத்துக்கு விருந்தாக இருக்கும். மைனஸ் 15 டிகிரியில் இந்தக் கூடுதல் சுமார் 15 சதவீதம். காற்றிலுள்ள ஆவி படிகத்தின்மேல் படியும், காற்று வறளும், அதை ஈடுகட்டப் பக்கத்துத் துளிகள் ஆவியாகும், அந்த ஆவியும் படிகத்துக்கே போகும். சுற்றியிருக்கும் துளிகளை எல்லாம் உறிஞ்சி ஒரு படிகம் சில நிமிடங்களில் பெருத்து, கனத்து, விழத் தொடங்கும். கீழே குளிராக இருந்தால் பனியாக வந்து சேரும், வெப்பமாக இருந்தால் உருகி மழையாகும்.

பனியும் நீரும் இப்படி நடந்துகொள்ளும் என்பதை 1911-லேயே சுட்டிக்காட்டியவர் ஆல்ஃபிரெட் வேகனர். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன அதே வேகனர்தான். அது மழைக்கும் காரணமாகலாம் என்று யோசித்தவர் சுவீடனைச் சேர்ந்த டோர் பெர்ஜெரோன். 1922-ல் நார்வேயின் ஆஸ்லோ அருகே மலைக்காட்டில் மூடுபனிக்குள் நடந்துபோகும்போது ஒன்று அவர் கண்ணில் பட்டது. வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருந்த நாட்களில் மூடுபனி தரைவரை இறங்கியிருந்தது. உறைநிலைக்கு நன்றாகக் கீழே போன நாட்களில் மரங்களுக்கிடையே தரையை ஒட்டி மூடுபனி இல்லை. கிளைகளில் படிந்த பனி, மூடுபனித் துளிகளின் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தது. காட்டில் நடப்பது மேகத்திலும் நடக்கும் என்று 1930களில் அவர் எழுதினார். ஜெர்மனியின் வால்டர் ஃபிண்டைசன் அதை விரிவாக்கினார்.

இதுவரை வந்ததைக் கட்டி வைத்துக்கொள்வோம். மேகத்தில் தண்ணீர் இருந்தும் துளிகள் சிறியவை என்பதால் விழுவதில்லை. குளிர்ந்த மேகத்தில் ஒருசில பனிப்படிகங்கள் தோன்றினால் அவை துளிகளை விழுங்கிப் பெருத்து விழும். ஆனால் படிகம் தோன்ற உறைகரு வேண்டும், அது பல மேகங்களில் போதுமான அளவு இருப்பதில்லை. அப்படியானால் அந்தக் குறையை மனிதன் நிரப்பினால் என்ன?

## ஒரு ஃபிரீசரும் ஒரு விமானமும்

நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. அதன் பெரிய பெயர் இர்விங் லாங்மூர். 1932-ல் வேதியியல் நோபல் வாங்கியவர். அவருக்கு உதவியாளர் வின்சென்ட் ஷேஃபர், குடும்பத்துக்காகப் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு, இயந்திரப் பட்டறையில் தொழில் பழகியவர். போர்க்காலத்தில் இருவரும் படைக்குப் புகைத்திரை உண்டாக்குவது, விமானத்தில் பனி படிவது போன்ற வேலைகளில் இருந்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் குளிர்காலத்தில் மேகம் மோதும் எதிலும் பனி அப்பிக்கொள்ளும். மீக்குளிர் நீரை அவர்கள் நேரில் பார்த்தது அங்கேதான்.

ஆய்வுக்கூடத்துக்குள் அப்படி ஒரு மேகத்தைக் கொண்டுவர ஷேஃபர் கண்ட வழி எளிமையானது. சாதாரண வீட்டு ஃபிரீசர் ஒன்றை எடுத்து உட்புறம் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டினார். அதற்குள் மூச்சு விட்டால் மூச்சிலுள்ள ஈரம் சின்னஞ்சிறு மேகமாக நிற்கும். ஒளிக்கற்றை ஒன்றைப் பாய்ச்சினால் உறைநிலைக்குக் கீழே இருந்தும் அது துளிகளாகவே இருப்பது தெரியும். அதில் விதவிதமான தூள்களைத் தூவிப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

1946 ஜூலையில் ஒரு வெக்கையான நாள், ஃபிரீசர் போதுமான அளவு குளிரவில்லை. குளிரைக் கூட்ட உலர்பனித் துண்டு ஒன்றை உள்ளே வைத்தார். உலர்பனி என்பது திடமாக்கிய கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி. நாம் ட்ரை ஐஸ் என்போமே, அதுதான். வைத்த கணமே ஒளிக்கற்றையில் பனிப்படிகங்கள் மின்னத் தொடங்கின. எண்ணி முடியாத அளவு.

உலர்பனி இங்கே உறைகரு அல்ல, கவனியுங்கள். தன்னைச் சுற்றியுள்ள காற்றை மைனஸ் 40-க்குக் கீழே தள்ளிவிடுகிறது, அந்தக் குளிரில் துளிகளுக்குத் தொடக்கப்புள்ளி தேவையில்லை, தாமே உறைகின்றன. அப்படி உறைந்த படிகங்கள் பரவி மற்றவற்றைப் பிடித்துக்கொள்கின்றன.

அதே ஆண்டு நவம்பர் 13 அன்று ஷேஃபர் ஒரு சிறிய விமானத்தில் ஏறி, பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதிக்கு மேலே போனார். சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், மைனஸ் 20 டிகிரியில் இருந்த ஒரு மேகத்தின்மேல் மூன்று கிலோவுக்கும் குறைவான உலர்பனியைத் தூவினார். சில நிமிடங்களில் மேகத்தின் அடியிலிருந்து பனி நீண்டு இறங்கியது. லாங்மூர் தரையிலிருந்தே அதைப் பார்த்தார். பனி தரையைத் தொடவில்லை, வழியில் வறண்ட காற்றில் ஆவியாகிவிட்டது. செய்தித்தாள்களுக்கு அதெல்லாம் பொருட்டாகத் தெரியவில்லை, மனிதன் பனி பெய்ய வைத்துவிட்டான் என்பதே போதுமாக இருந்தது.

அதே ஆய்வுக்கூடத்தில் பெர்னார்ட் வானிகட் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தார். (நாவலாசிரியர் கர்ட் வானிகட்டின் அண்ணன். தம்பியும் கொஞ்ச காலம் அதே கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருந்தார்.) பனிக்கட்டியின் மூலக்கூறு அடுக்கைப் போலவே அடுக்கு கொண்ட வேறு பொருள் இருந்தால் தண்ணீர் அதைப் பனி என்று நம்பி ஒட்டிக்கொள்ளுமே என்பது அவர் யோசனை. படிக அட்டவணைகளைப் புரட்டித் தேடியதில் சில்வர் அயோடைடு அகப்பட்டது. முதல் முயற்சி தோல்வி, காரணம் கையிலிருந்த மாதிரி கலப்படமானது. சுத்தமானதைக் கொண்டு மறுபடி செய்தபோது வேலை செய்தது. மைனஸ் 5 டிகிரி வாக்கிலேயே படிகம் பிடிக்கத் தொடங்கும் என்பதும், புகையாக எரித்தால் ஒரு கிராமிலிருந்து பல லட்சம் கோடி துகள்கள் கிடைக்கும் என்பதும் அதன் பலம். இன்றும் குளிர்மேகங்களில் தூவுவது பெரும்பாலும் இதைத்தான். இந்த வேலைக்கு மேக விதைப்பு என்று பெயர் வந்தது. தூவும் அளவு மிகக் குறைவு என்பதால் மழைநீரில் சேரும் வெள்ளியும் நுண்ணிய அளவே.

இந்த இடம்வரை சந்தேகமே இல்லாத அறிவியல். மீக்குளிர் நீருள்ள மேகத்தில் மனிதன் பனிப்படிகம் உண்டாக்க முடியும். 1946-ல் அது நிரூபணமாகிவிட்டது, இன்றுவரை யாரும் மறுக்கவில்லை.

## "எப்படியும் பெய்திருக்குமே!"

சண்டை அடுத்த கேள்வியில் தொடங்கியது. தூவினோம், பெய்தது. தூவாமல் இருந்திருந்தால் பெய்திருக்காதா?

ஃபிரீசரில் இந்தக் கேள்விக்கு வேலையில்லை. உலர்பனி இல்லாமல் பத்து முறை பார்க்கலாம், போட்டுப் பத்து முறை பார்க்கலாம். மேகம் அப்படி இல்லை. ஒரு மேகம் ஒருமுறைதான் வரும். அதைத் தூவியும் தூவாமலும் பார்க்க முடியாது. 1946 டிசம்பர் 20 அன்று ஸ்கெனெக்டடி அருகே தூவிய பிறகு அந்தப் பகுதியில் கனத்த பனி பெய்தது. லாங்மூருக்கு உற்சாகம். கம்பெனியின் வழக்கறிஞர்களுக்குக் கலக்கம், பனியால் நஷ்டப்பட்டவர்கள் வழக்குப் போட்டால் என்ன செய்வது? 1947 பிப்ரவரியிலிருந்து விமானங்களும் பொறுப்பும் அமெரிக்கப் படைகளின் கைக்குப் போயின. பிராஜெக்ட் சிரஸ் என்ற அந்தத் திட்டத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலோசனை சொல்வதோடு நிறுத்திக்கொண்டது.

அந்த ஆண்டு அக்டோபரில் அவர்கள் கைவைத்தது ஒரு சூறாவளியில். ஃபுளோரிடாவைக் கடந்து அட்லாண்டிக்கில் வடகிழக்காக விலகிப் போய்க்கொண்டிருந்த புயல். அக்டோபர் 13 அன்று கரையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி அதன் மேகங்களில் உலர்பனி போட்டார்கள். புயல் திரும்பியது. நேராக மேற்கே வந்து ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரைத் தாக்கியது. திருப்பியது நாங்கள்தான் என்று லாங்மூர் நம்பினார், ஒருவிதப் பெருமையோடு. கோபமான ஊர்க்காரர்களும் அதையேதான் நம்பினார்கள். பிறகு தரவுகளை ஆராய்ந்தபோது, தூவுவதற்கு முன்பே புயல் திரும்பத் தொடங்கிவிட்டது தெரிந்தது. 1906-ல், விமானத்திலிருந்து யாரும் எதையும் போடாத காலத்தில், இன்னொரு புயல் ஏறக்குறைய இதே பாதையில் வந்திருந்ததும் தெரிந்தது.

துபாய் விவகாரத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். பெரும் மழை வரப்போகிறது என்று வானிலைக் கணிப்புகள் சில நாட்களுக்கு முன்பே சொல்லிவிட்டன. அந்த மழைத் திரளில் விதைப்பு நடக்கவில்லை என்று அந்நாட்டு வானிலை மையமும் அறிவித்தது. அந்த நாட்டில் மேக விதைப்பு வழக்கமாக நடக்கிறது என்ற உண்மை ஒன்றே மக்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு நாட்டின் மேலே திரண்டு நிற்கும் மழைத் திரளில் இருக்கும் நீரும் ஆற்றலும் சில கிலோ துகளிலிருந்து வருவதற்கு வழியே இல்லை. பாகு யாருடையது, நூல் யாருடையது என்று பிரித்துப் பார்த்தாலே குழப்பம் தீரும்.

லாங்மூர் அத்தோடு விடவில்லை. 1949 டிசம்பரிலிருந்து நியூ மெக்சிகோவில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் தரையிலிருந்து சில்வர் அயோடைடு புகை விட ஏற்பாடு செய்தார். பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஒஹையோ ஆற்றுப் பகுதியின் மழைக்கணக்கில் ஏழு நாள் தாளம் இருக்கிறது என்று காட்டினார். அரசு வானிலைத் துறையினர் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். புகை விடாத ஆண்டுகளிலும் அப்படித் தாளம் அவ்வப்போது தானாகத் தோன்றி மறைந்திருக்கிறது என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல விஞ்ஞானிகளே விருப்பத்தால் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வது எப்படி என்று 1953-ல் ஒரு புகழ்பெற்ற உரை நிகழ்த்தப்பட்டது. நிகழ்த்தியவர் இதே லாங்மூர்!

நீதிமன்றமும் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. 1949-50 வறட்சியில் நியூயார்க் நகரத்தின் நீர்த்தேக்கங்கள் இறங்கின. நகராட்சி வாலஸ் ஹோவெல் என்ற வானிலையாளரை அமர்த்தி, கேட்ஸ்கில் மலைப்பகுதி மேகங்களில் தூவ வைத்தது. அப்பகுதியில் விடுதி நடத்தியவர் தொழில் கெடும் என்று தடை கேட்டார், நீதிமன்றம் மறுத்தது. பிறகு மழையும் வெள்ளமும் வந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் நஷ்டஈடு கேட்டார்கள். நகராட்சி இருதலைக்கொள்ளி எறும்பானது. மழை எங்களால் வந்தது என்றால் பணம் கட்ட வேண்டும், எங்களால் வரவில்லை என்றால் செலவழித்தது எதற்கு?

## குலுக்கல் போட்டுப் பார்ப்பது

இந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர 1950களில் கையாண்ட வழி, மருந்துகளைச் சோதிக்கும் அதே வழி. விதைக்கத் தகுந்த மேகம் வரும் ஒவ்வொரு முறையும் தூவுவதா வேண்டாமா என்பதை மனிதர் முடிவு செய்யக் கூடாது, குலுக்கல் முடிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கணக்கில் இப்படிச் செய்து, தூவிய நாட்களின் சராசரி மழையையும் தூவாத நாட்களின் சராசரியையும் ஒப்பிட வேண்டும். இதற்குப் பெயர் சீரற்ற தேர்வு. நல்ல மேகமாகப் பார்த்துத் தூவிவிட்டு "பாருங்கள், பெய்தது" என்று சொல்ல இதில் இடமில்லை.

ஏன் ஆண்டுக்கணக்கில்? மழை இயல்பாகவே அவ்வளவு ஏறி இறங்கும். நுங்கம்பாக்கத்தில் கொட்டும்போது மீனம்பாக்கத்தில் தூறல்கூட இல்லாமல் போவதுண்டு. இப்படி ஏறி இறங்கும் கணக்கில் பத்துப் பதினைந்து சதவீத மாற்றத்தைக் கண்டுபிடிக்க ஒரு பருவம் போதாது.

அமெரிக்க அரசு 1953-ல் அமைத்த ஆலோசனைக் குழு 1957-ல் அறிக்கை தந்தது. மேற்குப் பகுதி மலைகளில் குளிர்கால மேகங்களில் விதைத்தால் 10 முதல் 15 சதவீதம் கூடுதல் மழை, பனி கிடைப்பதாகத் தெரிகிறது என்றது. மற்ற இடங்களைப் பற்றி அப்படிச் சொல்ல அதனால் முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்த முடிவுகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது மிசூரி மாநிலத்தில் 1960 முதல் 1964 வரை நடந்த ஒயிட்டாப் சோதனை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராஸ்கோ பிராம் தலைமையில் நடந்தது. கோடைக்கால மேகங்கள், சில்வர் அயோடைடு, முறையான குலுக்கல். கடைசியில் பார்த்தால் தூவிய நாட்களில் மழை குறைவாக இருந்தது! அந்த மேகங்களில் இயற்கையாகவே பனிப்படிகம் நிறைய உண்டாகிறது என்று பிற்பாடு தெரிந்தது. அதில் இன்னும் கொட்டினால் படிகங்கள் பெருகி, தண்ணீருக்குப் போட்டி கூடி, எதுவும் விழும் அளவுக்குப் பெரிதாகாமல் போகலாம் என்பது ஒரு விளக்கம். நெருக்கமாக நூல் கட்டிய பாத்திரத்தின் கதை. நிறையத் தூவினால் நிறைய மழை என்ற நம்பிக்கைக்கு இதைவிட நேரடியான பதில் இருக்க முடியாது.

இஸ்ரேலில் 1961-67 சோதனை சுமார் 15 சதவீதம் கூடுதல் என்று காட்டி உலகப் புகழ் பெற்றது. பல நாடுகள் அதைப் பார்த்தே பணம் ஒதுக்கின. பிற்காலத்தில் அந்தக் கணக்கை மறுபடி ஆராய்ந்தவர்கள் கேள்வி எழுப்பினார்கள். 2013-ல் தொடங்கி 2020-ல் முடிந்த புதிய குலுக்கல் சோதனையில் கிடைத்தது இரண்டு சதவீதத்துக்கும் குறைவான கூடுதல். அது தற்செயலாகவே வந்திருக்கக் கூடிய அளவு.

புயலை வலுவிழக்கச் செய்யும் அமெரிக்க முயற்சி 1962-லிருந்து இருபது ஆண்டுக்கு மேல் ஓடி, பயனில்லை என்று மூடப்பட்டது. வியட்நாம் போரில் எதிரியின் பாதைகளைச் சேறாக்க ரகசியமாக மேகம் விதைத்தார்கள். அது வெளியே தெரிந்து, சூழலை ஆயுதமாக்குவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 1977-ல் கையெழுத்துக்கு வந்தது.

இப்போதைக்கு நிலவரம் இவ்வளவு. படிகம் உண்டாக்குவது முடியும். அதனால் தரையில் சேரும் தண்ணீர் எவ்வளவு கூடுகிறது என்பது மேகத்தைப் பொறுத்தது. கூடினாலும் சிறிதளவுதான், சில மேகங்களில் கூடவே கூடாது, சிலவற்றில் குறையவும் செய்யலாம்.

## ரேடாரில் தெரிந்த கோடு

ஷேஃபர் பறந்து எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 ஜனவரியில், அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலைகளில் ஓர் அழகான சோதனை நடந்தது. குளிர்மேகம் இருந்தது, மீக்குளிர் நீர் இருந்தது, ஆனால் இயற்கையாகப் பனி பெய்யவில்லை. விமானம் காற்றின் குறுக்கே இப்படியும் அப்படியும் பறந்து சில்வர் அயோடைடு விட்டது. கொஞ்ச நேரத்தில் ரேடார் திரையில் விமானம் பறந்த அதே வளைந்த பாதையில் பனி தோன்றியது. இயற்கை இப்படி இஸட் எழுத்தாகப் பனி பெய்யாது. எப்படியும் பெய்திருக்குமே என்று யாராலும் சொல்ல முடியாத முதல் சாட்சி இது.

எவ்வளவு பெய்தது? ஒரு நாளில் கணக்கிட்டபோது, சுமார் 67 நிமிடம் பனி விழுந்து, இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்திருந்தது. ஒரு மலைப்பகுதி முழுக்கக் கூட்டினால் அது பொருட்படுத்தத் தக்க தண்ணீர்தான். தெருவில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

## நம்மூர் மேகங்கள் வேறு

மேலே விட்டுவைத்த முதல் வழிக்கு இப்போது வருகிறேன். வெப்பமண்டலத்தில் உறைநிலை தரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில்தான் தொடங்குகிறது. நம் பகுதியில் பல மேகங்கள் அதற்குக் கீழேயே முடிந்துவிடும். அவற்றில் மீக்குளிர் நீரே கிடையாது, எனவே சில்வர் அயோடைடுக்கு அங்கே வேலையும் இல்லை. இவை வெப்பமேகங்கள். இங்கே மழை உண்டாவது மோதலில். கொஞ்சம் பெரிய துளி வேகமாக விழுந்து, வழியிலுள்ள சிறு துளிகளைச் சேர்த்துக்கொண்டு பெரிதாகிறது.

எல்லாத் துளிகளும் ஒரே அளவில் இருந்தால் எல்லாம் ஒரே வேகத்தில் விழும், மோதல் நடக்காது. அதனால் பெரிய துளி சிலவற்றை உண்டாக்க வேண்டும். அதற்கு உப்பு. ஈரத்தை இழுக்கும் உப்புத்துகளின்மேல் தண்ணீர் சீக்கிரம் சேர்ந்து பெரிய துளியாகும். துபாய்ப் பக்கம் பயன்படுத்துவதும் இந்த உப்பு வகைதான். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 1970களிலிருந்தே மகாராஷ்டிரத்தில் இந்த முறையைச் சோதித்து வருகிறது. 2018, 2019 பருவமழைக் காலங்களில் சோலாப்பூர் பகுதியில் குலுக்கல் முறையில் நடத்திய சோதனையில் சுமார் 18 சதவீதம் கூடுதல் மழை கிடைத்ததாக அது அறிவித்தது. தமிழ்நாட்டிலும் வறட்சி ஆண்டுகளில் மேக விதைப்பு முயற்சிகள் நடந்ததுண்டு.

## வறட்சிதான் மோசமான நேரம்

மேக விதைப்பைப் பற்றி எல்லோரும் யோசிப்பது மழை பொய்த்த பிறகு. அந்த நேரத்தில் வானத்தில் தகுந்த மேகம் இருப்பதில்லை, அதனால்தான் மழையும் பொய்த்தது. 20 சதவீதம் கூடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் பெய்யவேண்டிய இடத்தில் அது 10 மில்லிமீட்டர் கூடுதல். பூஜ்யம் பெய்யும் இடத்தில் அது பூஜ்யம்.

டெல்லியில் 2025 அக்டோபர் இறுதியில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். கான்பூர் ஐஐடி குழுவின் விமானம் பறந்தது, துகள்களும் விடப்பட்டன, மேகத்தில் ஈரம் மிகக் குறைவாக இருந்ததால் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை, அடுத்த பறப்பு நிறுத்திவைக்கப்பட்டது. கருவியில் கோளாறு இல்லை, ஆட்களிடமும் குறை இல்லை. வட இந்தியாவில் பருவமழை விலகி, குளிர்கால மழை இன்னும் தொடங்காத இடைவெளி அது.

இதைத் தெரிந்தவர்கள் வேறு மாதிரி திட்டமிடுகிறார்கள். ஐடஹோ சோதனையில் பங்கேற்றது அங்குள்ள மின் நிறுவனம். அவர்களுடைய மின்சாரத்தில் பெரும்பங்கு அணைகளிலிருந்து வருகிறது. மலையில் மோதி மேலேறும் காற்று குளிர்காலம் முழுக்க மீக்குளிர் மேகங்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், விழும் பனியும் வசந்தம்வரை மலையிலேயே கிடந்து மெதுவாக உருகி அணைக்கு வரும். வறட்சி வரும்வரை காத்திருக்காமல், மேகம் கிடைக்கும் குளிர்காலங்களில் ஆண்டுதோறும் விதைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.